காற்றைக் கேளாத காதுகள்

முத்தமிழ் என்னும் சொல் ஒலிக்காத தமிழ்மேடை இந்நாட்டில் இல்லை. இயலும் இசையும் நாடகமும் பின்னிப் பிணைந்து வளர்ந்த மொழி எம்மொழி என வரவேற்புரையில் முழங்குகிறோம், நன்றியுரையிலும் முழங்குகிறோம். ஆயின், மூன்றனுள் நடுவணதாகிய இசைத்தமிழை நாம் போற்றும் முறை என்ன? இசை என்றால் பாட்டு. பாட்டு என்றால் திரைப்பாட்டு. அவ்வளவே நம் கணக்கு. சொல் இல்லாத இசை நமக்கு இசையே அன்று. அது பாட்டுத் தொடங்கும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டிய வெற்றிடம். இந்த மனப்பழக்கத்திற்கு இரையாகி, நாற்பதாண்டை நெருங்கியும் உரிய செவிகளை அடையாது கிடக்கும் ஒரு படைப்பின் பொருட்டே இங்கே வழக்குரைக்க முற்படுகிறேன்.

1976ஆம் ஆண்டில் ‘அன்னக்கிளி’ வாயிலாகத் திரையுலகில் அடியெடுத்து வைத்த இளையராஜா, பத்தாண்டு கழித்து, 1986இல், திரையின் துணையின்றித் தனியே ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். ‘ஹவ் டு நேம் இட்?’ என்பது அதன் பெயர். இதற்கு என்னவென்று பெயரிடுவது என்பது பொருள். திருவையாற்றுத் தியாகராசருக்கும் செருமானிய இசைமேதை பாக்குக்கும் அதனை அவர் படையலாக்கினார். ஈராண்டு கழித்து, 1988இல், இரண்டாம் இசைத்தட்டு வந்தது. ‘நத்திங் பட் விண்ட்’, அதாவது காற்றன்றி வேறில்லை. ஹரிபிரசாத் சௌராசியா குழலிசைக்க, 50 பேர் கொண்ட பல்லியம் உடனியங்க, ஐந்து பகுதிகளாக அமைந்தது அது. இசை மனிதன் கட்டிய மாளிகை அன்று. தென்றலும் சூறையும் போல இயற்கையில் தானே எழும் நிகழ்ச்சி என்பது அதன் உட்கருத்து.

முதல் தட்டைப் பற்றிப் பேசுவோர் இன்றும் உளர். பாலு மகேந்திரா தம் ‘வீடு’ திரைப்படத்தில் அதன் பகுதிகளைப் பின்னணி இசையாக எடுத்தாண்டார். அவ்வகையிலும் அது பலர் செவிகளுக்குச் சென்றது. இரண்டாம் தட்டின் பெயரைச் சொன்னால், இசை ஆர்வலரென்று தம்மைச் சொல்லிக்கொள்வோரும், “ஆமாம், அதுவும் ஒன்று உண்டு” என்று கடந்து செல்கின்றனர். சற்றுக் கேட்டவர்களோ, “இனிமைதான், ஆனால் முதலாவதைப் போல ஆழமில்லை, தங்குவிடுதியின் வரவேற்பறையில் ஒலிக்கத் தக்கது” என்று தீர்ப்புரைக்கின்றனர். இத்தீர்ப்பைத்தான் நான் மறுக்கிறேன். குறை தட்டில் இல்லை. கேட்ட காதுகளில் இருக்கிறது.

இரண்டாம் படைப்புக்கு நேரும் இக்கதி உலகெங்கும் உள்ளதே. 1977இல் இங்கிலாந்தில் ‘பங்க்’ என்னும் கலக இசை கிளர்ந்தெழுந்தது. அவ்வகையில் முதன்முதலாக முழுநீள இசைத்தட்டு வெளியிட்ட பிரித்தானியக் குழு ‘தி டேம்ன்ட்’. அவ்வாண்டு பிப்ரவரியில் வந்த அவர்களின் முதல் தட்டு வரலாறாகிவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் ‘மியூசிக் ஃபார் பிளஷர்’ என்னும் இரண்டாம் தட்டு வந்தது. கலகக்காரர்கள் வெறுத்ததாகச் சொல்லப்பட்ட பிங்க் ஃபிளாய்ட் குழுவின் தாளக் கலைஞர் நிக் மேசனே அதனைத் தயாரித்தார். ஜாஸ் சாக்சபோன் கலைஞர் ஒருவரையும் அதில் வாசிக்க வைத்தனர். விமர்சகர் தூற்றினர், வெளியிட்ட நிறுவனம் கைவிட்டது, சில திங்களில் குழுவே கலைந்தது. பின்னர் அவர்கள் மீண்டும் கூடியது வேறு கதை. முதல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டாவதைக் கேட்டவர்களுக்கு, அது முதலாவதாக இல்லாததே குற்றமாகப் பட்டது. ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே தூற்றவாவது செய்தனர். தூற்றுவதற்கும் முழுமையாகக் கேட்டாக வேண்டும். நாம் அதுகூடச் செய்யவில்லை.

முதல் தட்டு எளிதில் மதிப்புப் பெற்றதற்குக் காரணம் உண்டு. தியாகராசர், பாக்கு என்னும் இரு பெரும்பெயர்கள் வாயிலில் நின்று வரவேற்றன. பெரும்பெயரைக் கண்டால் தமிழன் எழுந்து நிற்பான். அன்றியும், அத்தட்டின் உயிர் வயலினில் இருந்தது. வயலின் இரு நாட்டு இசைக்கும் பொதுக்கருவி. முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர் காலந்தொட்டு, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக, அது நம் கச்சேரி மேடையில் அமர்ந்திருக்கிறது. பாக்கின் நாட்டிலோ அது வீட்டுப் பிள்ளை. ஆகவே இரு மரபும் சந்திக்குமிடத்தில் பாலம் முன்னரே போடப்பட்டிருந்தது. இளையராஜா அப்பாலத்தின்மீது வியத்தகு முறையில் நடந்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. பாலம் இருந்தது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

இரண்டாம் தட்டில் பாலம் இல்லை. ஒருபுறம் மூங்கில், மறுபுறம் பல்லியம். வடநாட்டுப் பான்சுரி நீளமானது, தாழ்ந்த குரலுடையது. துளையை விரல் மெல்ல மெல்லத் திறந்தும் மூடியும், ஒரு சுரத்திலிருந்து மறுசுரத்திற்கு வழுக்கிச் செல்வதே அதன் அழகு. இடையில் உள்ள நுண்ணொலிகள் அனைத்தையும் தொட்டுத் தடவிச் செல்லும். மேலைப் பல்லிய இசைக்கோ இவ்வழுக்கல் பகை. பல சுரங்கள் ஒருசேர ஒலித்து இயைபு காண வேண்டுமாயின், ஒவ்வொரு சுரமும் தனக்குரிய இடத்தில் அசையாது நிற்க வேண்டும். குழலர் கற்பனையின் போக்கில் விரிந்து செல்லும் மரபில் வளர்ந்தவர். பல்லியத்தார் எழுதிவைத்த சுரத்தாளைப் பார்த்து வாசிப்பவர். ஒருவருக்குக் காலம் ஆற்றுநீர். மற்றவர்க்குக் காலம் கடிகாரம். இவ்விருவரையும் ஓரிடத்தில் நிறுத்தி, குழலின் குழைவும் கெடாமல், பல்லியத்தின் கட்டும் குலையாமல், ஐந்து பகுதிகளை நடத்திச் செல்வது விளையாட்டன்று. முதல் தட்டில் அவர் தீர்த்த கணக்கைக் காட்டிலும் இது கடினமான கணக்கு. விடை எளிமையாக வந்துவிட்டதால் கணக்கும் எளிமையானது என்று எண்ணிவிட்டோம். கரும்பலகையில் ஆசிரியர் இரண்டே வரியில் தீர்த்த கணக்கைப் பார்த்து, “இவ்வளவுதானா?” என்று கேட்கும் மாணவனைப் போல.

இனி, தமிழ்ப்பற்றாளர் தொடுக்கும் கணைக்கு வருவோம். அலகாபாத்தில் பிறந்த ஒருவர் ஊத, மேலைநாட்டுப் பல்லியம் முழங்க, ஆங்கிலத்தில் பெயர் சூட்டிய தட்டில் தமிழ் எங்கே என்பது அவர்தம் வினா. நேர்மையான வினாவே. ஆனால் இதனைத் தமிழாசிரியரே கேட்பதுதான் எனக்கு வியப்பளிக்கிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியலை நாம் படித்ததில்லையா? உந்தியிலிருந்து எழும் காற்று, நெஞ்சிலும் கழுத்திலும் தலையிலும் நிலைபெற்று, பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும் உற்று அமைய, வேறுவேறு எழுத்தாகப் பிறக்கிறது என்று தொல்காப்பியர் வகுத்துரைத்தார். அகரம் என்பது என்ன? காற்று. மெல்லினம் என்பது என்ன? மூக்கின்வழிச் செல்லும் காற்று. தமிழெழுத்து அனைத்தும் காற்றன்றி வேறில்லை என்று ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே இலக்கணம் செய்த இனத்திற்கு, அத்தலைப்பைத் தாங்கிய இசைத்தட்டு அந்நியமாகத் தோன்றுகிறதென்றால், நாம் பிறப்பியலைத் தேர்வுக்காக மட்டுமே படித்திருக்கிறோம் என்று பொருள்.

அகநானூற்றின் 82ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கபிலர் பாடியது, குறிஞ்சித்திணை. அசைந்தாடும் மூங்கிலிலே துளைகள், அத்துளைகளில் கோடைக்காற்று புகுகிறது, குழலோசை பிறக்கிறது. அருவி விழும் ஒலி முழவாகிறது. கலைமானின் கடுங்குரல் தூம்பாகிறது. மலைச்சாரலின் வண்டினம் யாழாகிறது. மந்திகள் அவையாகக் கூடி மருண்டு நோக்க, மயில் விறலியைப் போல ஆடுகிறது. ஊதுவார் எவருமில்லை; முழக்குவார் எவருமில்லை. மனிதனே இல்லாத ஒரு பல்லியத்தைக் கபிலர் கூட்டி வைத்திருக்கிறார். குழல் முதலில் வருகிறது; பிற கருவிகள் அதனைத் தொடர்கின்றன. இசை இயற்கையில் தானே எழும் நிகழ்ச்சி என்னும் கருத்துக்கு இதனினும் சிறந்த சான்று வேறெந்த மொழியில் உண்டு? வகுப்பறையில் இப்பாட்டுக்குப் பதவுரை கூறி, உவமை உருவகம் பிரித்து, ஐந்து மதிப்பெண் வினாவும் எழுதிக் கொடுக்கிறோம். இதே கருத்தைத் தன் காலத்துக் கருவிகளைக் கொண்டு பண்ணைப்புரத்து மனிதர் ஒருவர் ஒலியாக்கித் தந்தபோது, இதில் தமிழ் எங்கே என்று வினவுகிறோம்.

இளையராஜா அப்பாட்டை மனத்திற்கொண்டு இசையமைத்தார் என்று நான் சாதிக்கவில்லை. அப்படி ஒரு தொடர்பை வலிந்து கற்பிப்பது நம் ஆராய்ச்சியாளர் சிலருக்குக் கைவந்த கலை. அது எனக்கு வேண்டாம். தமிழ்மரபில் ஊறிய செவிக்கு அத்தட்டின் கருத்து அயலானது அன்று என்பதே என் வாதம்.

அரங்கேற்றுகாதையும் இதற்குத் துணை நிற்கும். இளங்கோவடிகள் மாதவியின் அரங்கிலே குழலோன், யாழோன், தண்ணுமையோன் ஆகியோரின் தகுதிகளைத் தனித்தனியே எடுத்தோதுகிறார். கருவிகள் இயங்கும் முறையைச் சொல்லுமிடத்தில், குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும் செல்வதாகக் காட்டுகிறார். குழல் முன்னின்று நடத்த, நரம்பும் தோலும் பின்தொடரும் பல்லியம் அது. 1988இல் வந்த தட்டிலும் குழல்தான் முன்னிற்கிறது. நரம்புக் கருவிகள் அதனைச் சூழ்ந்து வருகின்றன. கருவியின் பிறப்பிடம் பார்த்துத் தமிழிசையைத் தீர்மானிப்பதானால், வயலினைக் கச்சேரியிலிருந்து இறக்க வேண்டும். ஆர்மோனியத்தை நாடகமேடையிலிருந்து அகற்ற வேண்டும். பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடையன், தீக்கடைகோலால் மூங்கிலில் துளையிட்டுத் தானே குழல்செய்து பாலைப்பண் ஊதுகிறான். அவன் கையில் இருந்தது எந்த நாட்டு மூங்கில் என்று எவரும் கேட்கவில்லை.

தட்டில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ‘மொஸார்ட் ஐ லவ் யூ’ என்று ஒரு பகுதிக்குப் பெயர் சூட்டியிருப்பது பள்ளிச் சிறுவன் எழுதிய அன்புமடல் போல் இருக்கிறது. மொசார்ட்டைப் பற்றிய வேடிக்கையும் ஒன்றுண்டு. 1778இல் தந்தைக்கு எழுதிய கடிதத்தில், தமக்குப் பொறுக்கவியலாத கருவியாகிய புல்லாங்குழலுக்கு இடைவிடாது எழுத நேர்ந்ததைப் பற்றி அவர் முறையிடுகிறார். அத்தகையவருக்குக் குழலாலேயே காதல் சொல்வது துணிச்சல்தான். பின்னாளில் 1791இல் ‘மந்திரக் குழல்’ என்றே ஓர் இசைநாடகம் படைத்தவரும் அவரே ஆதலின், கணக்கு நேராகிவிட்டது எனலாம். ‘சிங்கிங் பெபிள்ஸ்’ என்னும் பகுதி, அதாவது பாடும் கூழாங்கற்கள், என் மதிப்பில் ஐந்தனுள் தலைசிறந்தது. ‘கம்போஸர்ஸ் பிரெத்’ எனப்படும் இசைஞனின் மூச்சு பொறுமையைக் கேட்கும். இருமுறை கேட்டு ஒதுக்கிவிடுவோர்க்கு அது கதவு திறக்காது.

அத்தட்டு புறக்கணிக்கப்பட்டதில் அவருடைய திரைப்பாடல்களுக்கும் பங்குண்டு. 1988ஆம் ஆண்டு ‘அக்னி நட்சத்திரம்’ வந்த ஆண்டு. அப்பாடல்கள் தெருவெல்லாம் ஒலித்தன. ஒலிநாடாக் கடைக்குச் சென்றவன் எதைக் கேட்டு வாங்கியிருப்பான்? தன் பாட்டே தன் இசைக்குப் பகையாகும் விந்தை அது.

ஆனால் பெரும்பழியை நான் பாமரர்மீது சுமத்தமாட்டேன். இசைஞானியைத் தெய்வமாக்கி வைத்திருக்கும் அன்பர்கள்மீதே சுமத்துவேன். 2025ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள், இலண்டன் மாநகரில், ‘வேலியண்ட்’ என்னும் அவருடைய சிம்பொனி அரங்கேறியது. நம் ஆசிரியர் புலனக் குழுக்களில் அன்று வாழ்த்து மழை. தமிழன் மேலை இசையை வென்றுவிட்டான் என்று மார்தட்டினர். இசை என்ன குத்துச்சண்டையா, ஒருவன் மற்றவனை வெல்வதற்கு? அவ்வாறு மார்தட்டியோரில் எத்தனை பேர் அவருடைய சொல்லற்ற இசையை ஒருமுறையேனும் முழுமையாகக் கேட்டிருப்பர்? புகழைக் கேட்கும் காது நமக்குக் கூர்மையானது. இசையைக் கேட்கும் காது மந்தமானது. 37 ஆண்டுகளுக்கு முன்னரே அவர் குழலையும் பல்லியத்தையும் ஒன்றாக நிறுத்திக் காட்டியதை அறியாமல், அரங்கேறிய செய்தியை மட்டும் கொண்டாடுவது, நூலைப் பிரிக்காமல் அட்டைக்குச் சந்தனம் பூசுவதாகும்.

இந்நோய்க்கு மூலம் எது? நம் தமிழிசை இயக்கத்தின் வரலாற்றிலும் அதற்கு விடை இருக்கிறது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. கச்சேரி மேடையில் தமிழ்ப் பாடலுக்கு இடமில்லாதிருந்த இழிநிலையை எதிர்த்து எழுந்த போராட்டம் அது, நியாயமான போராட்டம். ஆனால் வழக்கு சொல்லைப் பற்றியதாக இருந்தமையால், தமிழிசை என்றாலே தமிழ்ச்சொல் அமைந்த பாட்டு என்னும் எண்ணம் நம்முள் வேரோடிவிட்டது. 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ கண்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் சுருதிக் கணக்கில் தம் வாழ்நாளைச் செலவிட்டார். ஈழத்து விபுலானந்த அடிகள் 1947இல் வெளிவந்த ‘யாழ்நூல்’ வாயிலாக வழக்கிழந்த ஒரு கருவியையே மீட்டுத் தர முனைந்தார். அவர்கள் ஆராய்ந்தது சொல்லை அன்று; ஒலியை. அவ்வழி ஏன் அடைபட்டது?

ஆசிரியர்களுக்கான பட்டறை ஒன்றில் ‘சிங்கிங் பெபிள்ஸ்’ பகுதியை ஒலிக்கச் செய்தேன். மூன்று நிமிடம் சென்றதும், பின்வரிசையிலிருந்த ஆசிரியர் ஒருவர், “சார், பாட்டு எப்போது வரும்?” என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். பாடகர் வருவதற்காகக் காத்திருந்தார். அவ்வினாவில் நம் நிலைமை முழுவதும் அடங்கியிருந்தது. தமிழ் கற்பிக்கும் ஒருவருக்குச் சொல்லற்ற ஒலி முன்னுரையாக மட்டுமே தோன்றுகிறதென்றால், அவரிடம் பயிலும் பிள்ளைக்கு வேறெவ்வாறு தோன்றும்?

சொல் இல்லாவிட்டால் நம் மக்களுக்குப் பிடிபடாது என்பர். இதனினும் பெரிய பொய் இல்லை. மாசி மகத்தன்று எங்கள் செங் வட்டாரத்துச் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு வந்து பாருங்கள். நாயனம் ஒலிக்கும்போது எவராவது சொற்பொருள் கேட்கிறார்களா? சுவாமி புறப்பாட்டின்போது வாசிக்கும் மல்லாரிக்குச் சாகித்தியமே கிடையாது; சுரமும் தாளமும் மட்டுமே. அதைக் கேட்டுத்தான் நம் பாட்டனும் பாட்டியும் கைகூப்பினர். பால்மரக் காட்டில் காற்று வீசும் ஓசையையும் காய் வெடிக்கும் ஓசையையும் கேட்டு வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகள், இசைத்தட்டில் காற்றைக் கேட்க ஆங்கிலம் கற்க வேண்டியதில்லை. இன்று தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. பிள்ளைகள் கேட்பது உறுமி மேளமும் கைப்பேசிப் பாட்டும்தான். உறுமியை நான் பழிக்கவில்லை. அதுவும் சொல்லற்ற இசையே. உறுமிக்கு ஆடத் தெரிந்த உடல், குழலுக்கு அமைதி காக்கவும் பழகலாம் என்கிறேன்.

பாடத்திட்டத்தில் இடமில்லை என்பது அடுத்த சாக்கு. செய்யுளும் மொழியணியும் என்று தனிக்கூறு வைத்திருக்கிறோம். குழலினும் யாழினும் மழலை இனிது என்னும் பொருள்பட வள்ளுவர் பாடிய குறளை ஒப்புவிக்கச் செய்கிறோம். அக்குறளை ஒப்புவிக்கும் பிள்ளை ஒருமுறையேனும் நல்ல குழலிசையைக் கேட்டிருக்கிறதா? கேளாத இனிமையோடு மழலையை ஒப்பிட்டுப் பார்ப்பது எங்ஙனம்? குழலின் இனிமையை உணர்ந்தாலல்லவா அதனினும் இனிது என்பதன் எடை தெரியும்! மறுபக்கம், இசைக்கல்விப் பாடவேளையில் ரெக்கார்டர் ஊதப் பயிற்றுகிறோம். மூச்சை அடக்காமல் வலிந்து ஊதினால் அது கிறீச்சிடும். மெதுவாக ஊது, மூச்சைச் சீராக விடு என்று ஆசிரியர் ஓயாமல் சொல்ல வேண்டியிருக்கும். ஒரே சுரத்தை நடுங்காமல் ஐந்து எண்ணும்வரை நிறுத்த முயன்று தோற்ற பிள்ளைக்குத்தான், சௌராசியா என்ன செய்கிறார் என்பது நன்கு விளங்கும். கேட்பதற்குத் தகுதியான மாணவரை நாமே உருவாக்கிவிட்டு, கேட்க வேண்டியதை மட்டும் கொடுக்காமல் விடுகிறோம்.

அகநானூறு தொடக்கப்பள்ளிக்கு ஆகாது என்று சொல்லி இதனைத் தட்டிக்கழிப்போரும் இருப்பர். முழுப் பாட்டையும் பதம் பிரித்து நடத்தச் சொல்லவில்லை. மூங்கில் துளையில் காற்று புகுந்து குழலான கதையை நான்காம் ஆண்டுப் பிள்ளைக்குச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அருவி முழவானதையும் வண்டு யாழானதையும் பிள்ளைகளே குரலால் செய்து காட்டுவர். மந்தியாக நடிக்கப் போட்டியே நடக்கும். அதன்பின் ரெக்கார்டரை மேசைமீது வைக்கச் சொல்லி, விளக்கவுரை ஏதும் தராமல், அத்தட்டின் ஒரு பகுதியை மட்டும் ஒலிக்கச் செய்யுங்கள். இடைநிலைப்பள்ளி ஆசிரியராயின், அன்றே பிறப்பியலின் முதல் நூற்பாவையும் கரும்பலகையில் எழுதி வைக்கலாம். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிட வேண்டும்; நம் வகுப்பறை மின்விசிறிகள் கபிலரையும் பேசவிடா.